நிறுவனம் ‘அ’வின் முதலாளி

ஏனுங்க, அந்தப் பையைச் சித்தெ மேல வச்சுட்டா நானும் உக்காந்துக்குவேன். ஆச்சுங்க, நொம்ப சந்தோசம். நீங்க சேலமா? நான் சங்ககிரியோட எறங்கிக்குவேன். அங்க ஒரு காலேஜுல எனக்குக் கிளாஸ் இருக்குது. படிக்கறதுக்கு இல்லீங்க, அம்பத்தொம்பது வயசுல என்னத்தைப் படிக்கறது. பாடம் எடுக்கறதுக்கு. எம்.பி.ஏ. படிக்கற பசங்களுக்கு. நான் ஐ.டி.ஐ. ஃபிட்டரு. சிரிக்காதீங்க, நெசமாலும்தான்.

காரு இருக்குதுங்க. பஸ்ஸுல வர்றானே, காரு இல்லாதவனாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்காதீங்க. டிரைவருதான் நிக்க மாட்டேங்கறாங்க. மூணு பேரு வந்தாங்க, மூணு பேரும் போயிட்டாங்க. இந்தக் காலத்துல வண்டி ஓட்டறவனுக்குப் பொறுமையே கிடையாது. பக்கத்துல உக்காந்து, இப்ப மூணாவது கியரைப் போடு கண்ணு, இப்ப லேசா பிரேக்கைத் தொடுன்னு நல்லதுக்குத்தான் சொல்லுவேன். அதுக்குக் கோவிச்சுக்குவாங்களா? இந்த பஸ் டிரைவரையே பாருங்க, ஏத்தத்துல எப்படி உறும விடறாரு. சரி, நமக்கென்ன.

என்ற பேரு தெய்வசிகாமணிங்க. கோயமுத்தூரு ஆவாரம்பாளையத்துல நம்ம கம்பெனி. கிரைண்டர், மாவாட்டற கிரைண்டர். நாப்பது பேரு வேலை செய்யறாங்க. நாப்பது பேருன்னு இப்ப வாய் நெறையச் சொல்றேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால எத்தனை பேருன்னு என்னைக் கேட்டா நானே உள்ள போய் எண்ணிட்டு வந்துதான் சொல்லணும். திங்கக்கெழமை இருக்கறவன் வெள்ளிக்கெழமை இருக்க மாட்டான். ஒரு வருசத்துல இருபத்திமூணு பேரு போயிட்டாங்க. வருவான், நாப்பது நாளு இருப்பான், பெல்ட் மாட்டக் கத்துக்குவான், போயிருவான். அடுத்தவனுக்கு மறுக்கா முதல்ல இருந்து. தீபாவளிக்கு முன்னால மலேசியாவுக்கு அறுநூறு கிரைண்டர் அனுப்பற ஆர்டர் கையில இருக்குது. செய்யறதுக்கு ஆளு இல்லை.

ஏன் போறாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்னு நெனச்சேன். போனு. எந்நேரமும் போனு. அப்புறம் பக்கத்துக் கம்பெனிக்காரன் ஆசை காட்டி இழுக்கறான். இந்த ரெண்டுதான், வேற ஒண்ணும் இல்லைன்னு இருந்தேன்.

அப்பத்தான் அந்த அம்மிணி வந்தாங்க. எஸ்தர் பெனிட்டா. மார்த்தாண்டத்துப் பக்கம். இந்தக் காலேஜுல மேனேஜ்மென்ட் டிப்பார்ட்மென்ட்டுல உதவிப் பேராசிரியர். ஒரு பெரிய ஃபைலோட கேட்டுல நிக்கறாங்க.

“சார், சிறு தொழிற்சாலைகளைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன். உங்க கம்பெனியில ரெண்டு மாசம் உக்காந்து கவனிக்க அனுமதி வேணும்”னாங்க.

“என்ன ஆராய்ச்சி?”ன்னேன்.

அவங்க ஒரு தலைப்புச் சொன்னாங்க பாருங்க. அது ஆரம்பிக்கறப்ப நான் நின்னுட்டிருந்தேன், முடியறப்ப உக்காந்துட்டேன். அத்தனை நீளம்.

“அம்மிணி, இது உங்க கேள்வி. என்ற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ஏன் போறாங்க? அதுக்குப் பதில் சொல்றதா இருந்தா உள்ள வாங்க. இல்லைன்னா ஒரு டீ குடிச்சுட்டுக் கெளம்புங்க.”

அந்தம்மா யோசிச்சாங்க. “சொல்றேன் சார்”னாங்க. எனக்கு நம்பிக்கை இல்லீங்க. என்ற சம்சாரம் சாவித்திரிதான் ஆபீஸ் பார்த்துக்கறா. அவ உடனே ஒரு ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து, “எங்க போடட்டும் டீச்சர்?”னு கேட்டுட்டா. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?

ஒம்பது வாரம் உக்காந்தாங்க. கிரைண்டரைக் கோத்துப் பூட்டற அசெம்பிளி பக்கத்துல ஸ்டூலு, கையில நோட்டு. எதையோ குறிச்சுட்டே இருப்பாங்க. பாவம், காலேஜுல இருந்து வந்தவங்களுக்கு என்ன தெரியும்னு நான்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு ஒரு குணமுங்க, வேலை தப்பா நடந்தா கண்ணு பொறுக்காது. யாராச்சும் ஸ்பேனரை ஒரு மாதிரி புடிச்சா, “இங்க குடு”ன்னு வாங்கி நானே மாட்டிக் காமிச்சுருவேன். கல்லை ஏத்தறதுல ஒரு நெளிவு இருக்குது, அது சரியா வரலைன்னா, “தள்ளு”ன்னு நானே ஏத்திருவேன். முதலாளின்னு ஏ.சி. ரூமுல உக்காந்தது கிடையாது. காலையில எட்டு மணிக்குப் போனா சாயந்தரம் வரைக்கும் மேசை மேசையாச் சுத்திட்டே இருப்பேன். அந்தம்மாகிட்டச் சொன்னேன், “இதையும் எழுதிக்கங்க அம்மிணி, இந்த மாதிரி முதலாளி நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.” “எழுதிட்டேன் சார்”னாங்க.

வேலையை விட்டுப் போனவங்க வீட்டு அட்ரஸும் வாங்கிட்டுப் போனாங்க. சூலூரு, அன்னூரு, காரமடைன்னு ஒவ்வொரு வீடாத் தேடிப் போயிருக்காங்க. அந்த உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூணு மாசம் கழிச்சு ரிப்போர்ட்டு வந்துச்சு. நாப்பத்தாறு பக்கம், முழுக்க இங்கிலீசு. நடுவுல கட்டம் கட்டமா எண்ணு, அம்பு போட்ட படம். நாலாவது பக்கத்துல தலை சுத்திருச்சு. நம்ம ஃபோர்மேன் ஆறுச்சாமி டிப்ளமா படிச்சவரு. அவருகிட்டக் குடுத்தேன். ரெண்டு நாளு வச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்தாரு.

“என்னங்க ஆறுச்சாமி, என்ன போட்டிருக்குது?”

“நொம்ப நல்லா எழுதியிருக்காங்கங்க.”

“ஏன் போறாங்கன்னு போட்டிருக்குதா?”

“அது... பொதுவாப் போட்டிருக்குதுங்க.”

மூஞ்சியைப் பார்க்காம சொல்லிட்டுப் போயிட்டாரு. மனுசனுக்குப் புரியலை, அதைச் சொல்லக் கூச்சம்னு விட்டுட்டேன்.

அந்தம்மாவுக்கே போனைப் போட்டேன். “அம்மிணி, இதை யாருக்கு எழுதுனீங்க?”

“ஆய்விதழுக்கு அனுப்பறதுக்கு சார். அந்த முறையில எழுதினாத்தான் எடுத்துக்குவாங்க.”

“ஆய்விதழா வந்து என்ற கம்பெனியில கிரைண்டர் மாட்டப் போகுது? ஒரே வரியில சொல்லுங்க, ஏன் போறாங்க?”

“நேர்ல சொல்றேன் சார்”னு வச்சுட்டாங்க. அவ்வளவுதான், இவங்களுக்கும் விசயம் தெரியலைன்னு முடிவு பண்ணி ரிப்போர்ட்டைப் பீரோ மேல போட்டுட்டேன்.

அந்த வாரமே கவிதாமணி வேலையை விட்டு நின்னுட்டா. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில காயில் சுத்தறவ. பதினோரு வருசமா நம்மகிட்ட இருந்தவ. கண்ணைக் கட்டிவிட்டாலும் சுத்துவா, ஒரு சுத்து கூடாது, ஒரு சுத்து குறையாது. “உடம்பு முடியலைங்க”ன்னு சாவித்திரிகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டா. என்கிட்டச் சொல்லவே இல்லை. புதுசா வந்தவன் போறான் சரி, அது அவன் கெரகம். பதினோரு வருசம் இருந்தவ போனா எப்படி இருக்கும் சொல்லுங்க? அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை. அறுநூறு கிரைண்டருல நூத்திப் பத்துதான் முடிஞ்சிருக்குது. ஆர்டரை வேண்டாம்னு எழுதிப் போட்டுரலாமான்னு வரைக்கும் போயிட்டேன்.

ரெண்டு நாளுல எஸ்தர் அம்மிணி கூப்புட்டாங்க. “சார், எங்க மாணவர்கள் ஒரு கம்பெனியோட பிரச்சினையைப் படிச்சுப் பேசப் போறாங்க. அனுபவம் உள்ள ஒருத்தர் வந்து கருத்துச் சொன்னா நல்லா இருக்கும்”னாங்க. எனக்கு இருக்கற கெட்ட நேரத்துல காலேஜாவது ஒண்ணாவதுன்னேன். சாவித்திரி விடலை. “போயிட்டு வாங்க, உங்களைத்தான் மதிச்சுக் கூப்புடறாங்க”ன்னா. பாருங்க, சட்டையை முந்தின நாளே தேச்சு வச்சிருந்தா. எனக்கே போறதா வேண்டாமான்னு தெரியாது, அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ.

போனேன். பெரிய கிளாஸு, அறுபது பசங்க. எனக்கு முன்வரிசையில சேரு. எல்லாருக்கும் ஒரு தாளு குடுத்தாங்க. தமிழு! ஒண்ணேகால் பக்கம், நல்ல பெரிய எழுத்து. ‘நிறுவனம் அ’ன்னு போட்டிருந்துச்சு. ஊரு பேரு இல்லை, என்ன செய்யற கம்பெனின்னும் இல்லை. ஒரு புள்ளை எந்திரிச்சுச் சத்தமாப் படிச்சுது. எனக்கு இப்பவும் மனப்பாடமுங்க.

“நிறுவனம் ‘அ’வில் ஓராண்டில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டனர். ஆய்வாளர் கவனித்த ஒரே நாளில், தொழிலாளர் கையிலிருந்த கருவியை உரிமையாளர் முப்பத்தொரு முறை வாங்கி, அந்த வேலையைத் தானே செய்தார். அவற்றில் இருபத்தாறு முறை, தொழிலாளர் செய்துகொண்டிருந்ததையேதான் அவரும் செய்தார்.”

கிளாஸு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சேனுங்க. இப்படியும் ஒரு கிறுக்கன் இருப்பானான்னு.

பசங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு என்னென்னமோ சொன்னாங்க. ஊக்கத்தொகை குடுக்கலாம்னான் ஒருத்தன். சிறந்த தொழிலாளின்னு போட்டோ மாட்டலாம்னுது ஒரு புள்ளை. எனக்குப் பொறுக்கலை. எந்திரிச்சுட்டேன்.

“போட்டோவை மாட்டி என்ன பண்றது கண்ணு? இங்க வியாதியே அந்த ஆளுதானே! வேலை தெரிஞ்சவன் கையில இருந்து ஸ்பேனரைப் புடுங்கினா அவன் மனசு என்ன பாடுபடும்? பத்துப் பேரு பார்க்க? அவனுக்கும் வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதல்லோ? அந்த முதலாளியை முதல்ல வெளிய நிறுத்துங்க. பன்னெண்டு மணி வரைக்கும் அசெம்பிளிப் பக்கமே விடாதீங்க. பன்னெண்டுக்கு மேல வரட்டும், வந்தாலும் கையைப் பொறத்தால கட்டிக்கிட்டு வரட்டும்!”

கை தட்டினாங்க பாருங்க, கண்ணாடி சன்னலெல்லாம் அதிர்ந்துச்சு. எஸ்தர் அம்மிணி மட்டும் தட்டலை. போர்டுப் பக்கம் திரும்பி நின்னுட்டாங்க.

பின்னால இருந்து ஒரு புள்ளை கேட்டுது, “சார், நம்ம சொன்னா அவர் கேப்பாரா?”

“கேக்கலைன்னா அவன் சம்சாரத்துகிட்டச் சொல்லுங்க. அந்தப் பொம்பளை எத்தனை வருசமாச் சொல்லிட்டிருக்குதோ, யாருக்குத் தெரியும்!”

இன்னொரு தடவை கை தட்டினாங்க. எனக்கு உச்சி குளுந்து போச்சு. உக்காந்து, மிச்சத்தைப் படிக்கலாம்னு தாளைத் திருப்புனேன். பொறத்தால நாலு வரி இருந்துச்சு. “வேலையை விட்ட பதினேழு பேரை அவர்கள் வீட்டில் சந்தித்தபோது, பதினான்கு பேர் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொன்னார்கள்: அங்கே நம்ம கை நம்ம கையா இருக்காதுங்க.” அதுக்குக் கீழ கடைசி வரி. “உரிமையாளரின் கார் ஓட்டுநர்கள் மூவரும் இதே காரணத்தால் விலகினர்.”

மூணு டிரைவரு.

ஏனுங்க, லிஃப்டுல நிக்கறப்பக் கயிறு அறுந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு. காதெல்லாம் சூடு. அறுபது பசங்களும் என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டிருக்குதுங்க, பாசமா. ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் எஸ்தர் அம்மிணிக்கும்தான் தெரியும்.

வெளிய வராந்தாவுல போய் நின்னேன். அந்தம்மா பின்னாலயே வந்தாங்க. வாயைத் திறந்தா என்ன வருமோன்னு எனக்கே பயம். “இதை என் மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாமே”ன்னேன்.

“பயமா இருந்துது சார்.” அவங்க கீழ பார்த்துட்டே சொன்னாங்க. “ஒம்பது வாரம் உங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அதனாலதான் நாப்பத்தாறு பக்கம் எழுதினேன். இருபத்தேழாம் பக்கத்துல இருக்கு சார், தமிழ்ல சொன்னா ‘உரிமையாளர் இடையீட்டின் அடர்த்தி’ன்னு. யாருக்கும் புரியக் கூடாதுன்னே வார்த்தை தேடினேன். கவிதாமணி அக்கா நின்னுட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் எனக்கு வெக்கமாப் போச்சு. உங்களுக்குப் புரியாத ஆராய்ச்சி, அது எதுக்கு சார்?”

கவிதாமணி நின்னது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கணும்னு இருந்தேன், மறந்தே போச்சு. ஒரு டீ வாங்கிக் குடுத்தாங்க. குடிச்சுட்டு பஸ் ஏறிட்டேன். பெருந்துறை வரைக்கும் கோவம். அவிநாசி தாண்டினதும் கோவம் இல்லை, வேற என்னமோ. என்ற கையைப் பார்த்தேன். இந்தக் கைதான் ஒரு நாளைக்கு முப்பத்தொரு தடவை.

வீட்டுக்குள்ள கால் வைக்கறேன், சாவித்திரி கேக்கறா, “அந்தத் தாளைப் படிச்சீங்களா?”ன்னு. நான் தாளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை! பொம்பளைங்களுக்கு எப்படியோ மூக்குல வேர்க்கும் போல இருக்குது. விசயத்தைச் சொன்னேன். அவ சிரிக்கலை. “நான் சொல்லி இருபத்தாறு வருசமாச்சு”ன்னா. சொல்லியிருப்பாளோ என்னமோ, எனக்கு ஞாபகம் இல்லீங்க.

சரி, யோசனை யாரோடது? என்ற யோசனை. அறுபது பேரு முன்னால நான் சொன்னது. அந்தம்மா வியாதியைக் கண்டுபுடிச்சாங்க, மருந்து நான் எழுதினேன். சொன்ன சொல்லை நானே மீறினா என்ன மனுசன்? மறுநாளு காலையில ஆறுச்சாமியைக் கூப்பிட்டு, “பன்னெண்டு மணி வரைக்கும் நான் அசெம்பிளிக்கு வந்தா வெளிய போகச் சொல்லுங்க”ன்னேன். மனுசன் என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. “நெசமாலுங்களா?”ன்னாரு. அப்புறம் ஒரு கும்புடு போட்டாரு, கோயில்ல போடறாப்புல.

முதல் நாளு இருக்குதே, அது சித்திரவதை. ஆபீஸ் ரூமுல உக்காந்திருக்கேன். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேக்குது. மூணு தடவை அடிக்க வேண்டிய எடத்துல நாலு தடவை அடிக்கறான். கால் தானா எந்திரிக்குது. சாவித்திரி கணக்கு நோட்டுல இருந்து தலையைத் தூக்காமலே, “உக்காருங்க”ங்கறா. பத்தரை மணிக்குத் தண்ணி குடிக்கற மாதிரி எட்டிப் பார்த்தேன். ஆறுச்சாமி கடிகாரத்தைக் காமிச்சாரு. திரும்பிட்டேன்.

சும்மா எப்படி உக்கார்றது? பழைய பில்லுப் புஸ்தகத்தை எடுத்து, நம்மகிட்டக் கிரைண்டர் வாங்கினவங்களுக்குப் போன் பண்ண ஆரம்பிச்சேன். திருநெல்வேலியில மெஸ் நடத்தற ஒருத்தரு, “மாவை அள்ளச் சாய்க்கறப்பக் கைப்பிடி உள்ளங்கையைப் பதம் பாக்கு அண்ணாச்சி, அதுக்கு முதல்ல ஒரு வழி பண்ணுங்க”ன்னாரு. இத்தனை வருசத்துல எனக்கு அது தெரியாதுங்க. கைப்பிடியை மாத்தினோம். இப்ப அந்தக் கைப்பிடிக்காகவே கேட்டு வாங்கறாங்க.

நாலாவது நாளு கவிதாமணி வீட்டுக்குப் போனேன், கணபதி ஏரியாவுல. சாவித்திரியும் வந்தா. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லீங்க. “உடம்பு எப்படி இருக்குது?”ன்னேன்.

“பரவால்லைங்க.”

“கவிதாமணி, நான் இனிமே உன்ற மேசைக்கு வரமாட்டேன். நீ கூப்பிட்டாத்தான் வருவேன்.”

அவ சாவித்திரியைப் பார்த்தா. சாவித்திரி தலையாட்டினா. “கூப்பிட மாட்டனுங்களே”ன்னா கவிதாமணி. எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்புறம் அவளே சிரிச்சுட்டா. நானும் சிரிச்சேன். திங்கக்கெழமை வேலைக்கு வந்துட்டா. தனியா வரலை, முன்னால வேலையை விட்டுப் போனவங்கள்ல நாலு பேரையும் கூட்டிட்டு வந்தா.

அறுநூறு கிரைண்டரும் கப்பல் ஏறிருச்சுங்க, கெடுவுக்கு ரெண்டு நாளு முன்னாலயே. அடுத்த வருசம் முழுக்க எத்தனை பேரு வேலையை விட்டாங்க தெரியுமா? மூணு பேரு. அதுல ஒண்ணு கல்யாணமாகி ஈரோடு போயிருச்சு.

அந்தக் கிளாஸுக்கு மறுக்கா போனேன். போய், “அந்த நிறுவனம் அ நான்தான்”னு சொல்லிட்டேன். முன்னத்ததை விடப் பெருசாக் கை தட்டினாங்க. அதுல இருந்துதான் இந்த ரெண்டாவது சனிக்கெழமைக் கிளாஸு. இப்ப ஆவாரம்பாளையத்துல பன்னெண்டு கம்பெனிக்காரங்க சேர்ந்திருக்கோம். ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரே வரியில எழுதிக் குடுக்கணும். காலேஜுப் பசங்க வந்து உக்காந்து பார்ப்பாங்க. கண்டுபுடிச்சதை முதல்ல ஒரு பக்கம், தமிழுல, வேலை செய்யறவங்க முன்னாலயே படிச்சுக் காட்டணும். தப்புன்னா அவங்களே சொல்லுவாங்க. அதுக்கப்புறம் எந்த இதழுக்கு எத்தனை பக்கம் வேணும்னாலும் எழுதிக்கட்டும். எஸ்தர் அம்மிணியும் அந்த நாப்பத்தாறு பக்கத்தைத் திருத்தி எழுதி, போன மாசம் வெளிய வந்துருச்சு. அதுல ‘தீர்வை உரிமையாளரே முன்மொழிந்தார்’னு ஒரு வரி போட்டிருக்காங்க. அந்த வரியை மட்டும் கண்ணாடி போட்டு ஆபீஸுல மாட்டியிருக்கேன்.

இருங்க, போனு அடிக்குது. ஆறுச்சாமி. ஹலோ... சொல்லுங்க... எத்தனை மோட்டாரு? ஆறா? சூடாகுதா? நான் சொல்றேன் கேளுங்க, முதல்ல அந்த... ம்... ம்... கவிதாமணி என்ன சொல்றா?... ஓ... சரி. அவ சொல்றாப்புலயே பண்ணுங்க. வச்சறட்டா?

அவ சொல்றது தப்புங்க. பேரிங்கைப் பாக்கணும். அவ காயிலைப் பிரிக்கணும்ங்கறா. ஆறு மோட்டாரு! நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. மணி பத்தரைதான் ஆகுது. பன்னெண்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.

ஏனுங்க, ஒரு உதவி பண்றீங்களா? சங்ககிரி வர்ற வரைக்கும் இந்தப் போனை நீங்க வச்சுக்கங்க. ஆமா, உங்க பையிலயே போட்டுக்கங்க. நான் கேட்டாலும் குடுக்கக் கூடாது. கெஞ்சினாலும் குடுக்கக் கூடாது. நொம்ப நன்றிங்க.

...

பேரிங்தாங்க அது.

...

ஏனுங்க, போன் பேசறதுக்கு இல்லை. மணி என்ன ஆச்சுன்னு மட்டும் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்தறட்டுங்களா?